கார்ட்லெஸ் ஜிக்சா: மேலே கோட்டில் போகிறது, அடியில் 3 மி.மீ. விலகுகிறது. எங்கே தவறு?

கேள்வி: புதுப்பலகை

வணக்கம். 18 வோல்ட் கார்ட்லெஸ் ஜிக்சா (பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் கைமெஷின்) ஒன்று வாங்கியிருக்கிறேன், மர வேலைக்குப் புதியவன். படிக்கும் மேசைக்கு மேல்பலகை செய்ய வேண்டும். 4 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. பிளைவுட், ஒரு பக்கம் 1 மி.மீ. சன்மைக்கா ஒட்டியாகிவிட்டது. முன்பக்க மூலைகள் இரண்டையும் 50 மி.மீ. ஆரத்தில் வளைக்க வேண்டும். பின்பக்கம் சுவர்த் தூண் உட்காருவதற்கு 230 × 100 மி.மீ. அளவில் ஒரு வெட்டு. ஒயர் இறங்க 60 மி.மீ. துளை.

அதே பிளைவுட் துண்டில் பழகிப் பார்க்கிறேன். வளைவில் பிளேடு மேலே கோட்டின் மீதே போகிறது, திருப்பிப் பார்த்தால் அடியில் 3 மி.மீ. வெளியே போயிருக்கிறது. சன்மைக்கா ஓரம் முழுக்கச் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. சில இடங்களில் மெஷின் பலகையோடு சேர்ந்து தடதடவென்று குதிக்கிறது. இடையில் தானாக நின்றும் விடுகிறது, விசையை விட்டு அழுத்தினால் மறுபடி ஓடுகிறது.

பெட்டியோடு வந்த பிளேடுதான் போட்டிருக்கிறேன், அதில் டி144டி என்று இருக்கிறது. பக்கவாட்டுத் திருகு (பிளேடு முன்னும் பின்னும் ஆடும் அளவை மாற்றுவது) 3-இல் உள்ளது. வேகம் முழுசு. பேட்டரி 2 ஆம்பியர்-அவர்.

பதில்: ரீப்பர்கட்டை

மெஷினில் கோளாறு இல்லை. டி144டி, திருகு 3, முழு வேகம் மூன்றும் சேர்ந்தால் கதவுச் சட்டத்தை வேகமாக அறுத்துத் தள்ளலாம். சன்மைக்கா ஒட்டிய பலகைக்கு அது ஆகாது. முதலில் திருகை 0-க்குக் கொண்டு வாருங்கள். பல் நெருக்கமான டி101பி பிளேடு ஒரு பாக்கெட் வாங்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பதில்: மூலைமட்டம்

அடியில் விலகுவதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாததைத் திருகிக்கொண்டிருப்போம்.

ஒன்று, அடித்தட்டு பிளேடுக்குச் செங்கோணத்தில் இல்லாமல் சாய்ந்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு மெஷினைக் கவிழ்த்து, மூலைமட்டத்தை அடித்தட்டின் மீது வைத்துப் பிளேடின் பக்கவாட்டில் ஒட்டிப் பாருங்கள். பல்லின் மீது வைக்கக் கூடாது, பல் இருபுறமும் வளைந்திருப்பதால் தவறாகக் காட்டும். 1 டிகிரி சாய்ந்தால் 19 மி.மீ. கனத்தில் 0.33 மி.மீ. விலகும். உங்களுக்கு 3 மி.மீ. விலகுகிறது, அதாவது 9 டிகிரி. அவ்வளவு சாய்வு இருந்தால் மூலைமட்டமே வேண்டாம், கண்ணுக்கே தெரியும். எனவே அடித்தட்டு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் புது மெஷினில் சாய்வுக் குறியை மட்டும் நம்பாமல் ஒருமுறை சரிபார்த்து விடுங்கள்.

இரண்டாவது, பிளேடு வளைவது. ஜிக்சா பிளேடுக்குப் பிடிமானம் மேலே மட்டும்தான். கவ்வி ஒன்று, முதுகைத் தாங்கும் சிறு உருளை ஒன்று. உருளை பின்னால் தாங்குமே தவிர பக்கவாட்டில் தாங்காது. கீழ்முனை அந்தரத்தில் இருக்கிறது. வளைவில் மெஷினைத் திருப்பாமல் பக்கவாட்டில் தள்ளினால் மேல்பகுதி உங்கள் கையோடு வரும், கீழ்முனை பழைய திசையிலேயே வெட்டிக்கொண்டு போகும். திருகு 3-இல் பிளேடு மேலேறும்போது முன்னாலும் பாய்வதால், கடிக்கும் அளவு கூடி இந்த வளைவு இன்னும் பெரிதாகிறது.

எது என்று உறுதி செய்ய நேர்கோடு ஒன்று வெட்டுங்கள். கோடு முழுக்க ஒரே அளவு சாய்ந்தால் அடித்தட்டு. அழுத்தித் தள்ளிய இடத்திலும் வளைவிலும் மட்டும் சாய்ந்தால் பிளேடு.

இனித் திருத்தம். மெஷினின் பின்பகுதியை நகர்த்தி அதைத் திருப்ப வேண்டும், பிளேடு இருக்கும் இடமே சுழலும் மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னே தள்ளும் விசை, வேகம் குறையாமல் பிளேடு தானே தின்னும் அளவுக்குப் போதும். மோட்டார் சத்தம் கனத்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள்.

50 மி.மீ. ஆரத்துக்குத் தனியாக வளைவுப் பிளேடு தேவையில்லை. 8 மி.மீ. அகலப் பிளேடு அந்த ஆரத்தில் திரும்ப, அதன் பக்கவாட்டில் 0.16 மி.மீ. இடம் கிடைத்தால் போதும். அதே பிளேடை 15 மி.மீ. ஆரத்தில் திருப்ப 0.5 மி.மீ.க்கு மேல் வேண்டும், அங்கேதான் இறுகிக்கொண்டு தீயும். அப்படிச் சிறிய வளைவுக்குத்தான் டி101ஏஓ போன்ற ஒல்லிப் பிளேடு. அதுவும் 15 மி.மீ. கனம் வரைக்கும் என்று போட்டிருக்கும்.

உங்கள் மூலை வெளிவளைவு என்பதால் இன்னொரு வசதி உண்டு. கழிவுப் பக்கத்தில் ஓரத்திலிருந்து கோட்டை நோக்கி மூன்று நான்கு குறுக்கு வெட்டுகள் போட்டு, கோட்டுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். பிறகு வளைவில் போகும்போது கழிவு துண்டு துண்டாக விழும், பிளேடு இறுகாது. கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை அரத்தாலும் 80, பிறகு 120 உப்புத்தாளாலும் இழுங்கள். முதல் மேசைக்குக் கோட்டின் மீதே வெட்ட நினைக்க வேண்டாம்.

பதில்: அறுவைத்தூள்

சன்மைக்கா விஷயத்துக்கு வருகிறேன். ஜிக்சா பிளேடின் பல் மேல்நோக்கி இருக்கும், மேலேறும்போதுதான் வெட்டும். அதனால் பல் வெளியே வரும் மேல்முகம்தான் பெயரும், அடிமுகம் சுத்தமாக வரும். சன்மைக்காவை அடியில் வைத்து வெட்டுங்கள். பிளைவுட் பக்கம் கொஞ்சம் நார் பிரியும், அது மேசைக்கு அடியில் போய்விடும்.

கவிழ்த்துப் போட்டால் அளவுகள் இடவலம் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். தூண் வெட்டு பலகையின் நட்டநடுவில் இல்லையென்றால் தவறான பக்கத்தில் விழுந்துவிடும். சன்மைக்கா பக்கத்திலேயே பென்சிலால் ‘முன்’, ‘இடது’ என்று எழுதிவிட்டுக் கவிழ்த்து, பின்பக்கத்திலும் அதையே எழுதிய பிறகு கோடு போடுங்கள். அடியில் இருக்கும் சன்மைக்கா கீறாமலிருக்க அட்டையோ பழைய பெட்ஷீட்டோ விரியுங்கள்.

சன்மைக்காவை மேலே வைத்துத்தான் வெட்ட முடியும் என்ற நிலை வந்தால் டி101பிஆர் இருக்கிறது. கடைசி ஆர், பல் கீழ்நோக்கி என்பதைக் குறிக்கும். அது வெட்டும்போது மெஷினை மேலே தூக்கும், அழுத்திப் பிடிக்க வேண்டும், திருகு 0-இல் மட்டும்தான். கோட்டின் மீது மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினால் சில்லு குறையுமே தவிர நிற்காது. டேப்பை உரிக்கும்போது வெட்டை நோக்கி இழுங்கள், எதிர்ப்பக்கம் இழுத்தால் சில்லும் கூடவே வரும். மெஷினோடு பிளாஸ்டிக் சில்லுத் தடுப்பு வந்திருந்தால் பிளேடு நுழையும் இடத்தில் மாட்டிவிடுங்கள். அது பிளேடுக்கு இருபுறமும் மேல்முகத்தை அழுத்திக்கொள்ளும்.

பிளேடு எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. டி என்றால் டி வடிவக் காம்பு. இப்போதைய மெஷின்கள் பெரும்பாலும் அதைத்தான் கவ்வும், பழைய யூ வகைக் காம்பு பொருந்தாது. பாஷ் எண்முறையில் பின்னால் வரும் ஏ, பி, சி, டி என்பது பல் இடைவெளி, ஏ மிக நெருக்கம், டி அகலம். டி144டி-யில் 4 மி.மீ., டி101பி-யில் சுமார் 2.5 மி.மீ. ஓ என்றால் வளைவுக்கு, எஃப் என்றால் பைமெட்டல், அதாவது இரு உலோகம் சேர்த்தது. பிளைவுட்டின் பசை பிளேடைச் சீக்கிரம் மழுக்கும், தேக்கில் இருக்கும் சிலிக்காவும் அப்படித்தான். நிறைய வெட்ட வேண்டுமானால் டி101பிஎஃப் விலை கூடினாலும் நின்று உழைக்கும்.

பதில்: ரீப்பர்கட்டை

குதிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. பிளேடு மேலேறும்போது பலகையையும் தூக்கப் பார்க்கும். அடித்தட்டு பலகையோடு ஒட்டி இருக்கும்வரை அந்த விசை அங்கேயே அடங்கும். கொஞ்சம் தூக்கினாலும் பிளேடு பலகையைப் பிடித்து ஆட்ட ஆரம்பிக்கும். மெஷினை முன்னே தள்ளுவதை விடக் கீழே அழுத்துவதில்தான் கை வலு போக வேண்டும்.

இரண்டு சி கிளாம்ப் போடுங்க, வெட்டும் கோட்டிலிருந்து அரை அடிக்குள் இருக்கணும். பலகை மேசைக்கு வெளியே ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் ஆடும். கோட்டுக்குக் கீழே 100 மி.மீ. காலியாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்க. பிளேடு நுனி ஸ்டூல் சட்டத்தில் இடித்தாலும் இதே தடதடப்பு வரும், அந்த இடியில் பிளேடு ஒடியும்.

தொடங்கும்போது அடித்தட்டின் முன்பாகத்தை முதலில் பலகையில் உட்கார வைத்து, பிளேடு மரத்தைத் தொடாமல் இருக்கும்போதே விசையை அழுத்தி, வேகம் வந்த பிறகு நுழையுங்க. முடிக்கும்போது பிளேடு முழுசா நின்ற பிறகுதான் வெளியே எடுக்கணும். ஓடும்போது தூக்கினால் நுனி சன்மைக்கா மேல குத்தும்.

தானாக நிற்பது மிகைச்சுமைத் தடுப்பு. விசையை விட்டதும் திரும்ப ஓடுகிறது என்றால் சூடு இல்லை, சுமைதான். மழுங்கிய பிளேடு, திருகு 3, தள்ளுதல், இந்த மூன்றில் ஒன்று. 18 வோல்ட் 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். உங்கள் மேசை வேலைக்கு அது தாராளம், பெரிய பேட்டரி வாங்க வேண்டாம். கை வைக்க முடியாத சூட்டில் பேட்டரி இருந்தால் மட்டும் ஆறவிட்டு சார்ஜ் போடுங்க.

கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். பிளைவுட் தூளில் பசையும் இருக்கு. பிளேடு மாற்றும்போது பேட்டரி வெளியே இருக்கணும், வெட்டி முடித்த பிளேடு சுடும்.

புதுப்பலகை

மிக்க நன்றி. டி101பி, திருகு 0, சன்மைக்கா அடியில் வைத்துத் துண்டில் வெட்டிப் பார்த்தேன். அடி விலகல் அரை மி.மீ.க்குள் வந்துவிட்டது, சில்லும் இல்லை. வளைவின் முடிவில் மட்டும் மரம் பழுப்பாகக் கருகுகிறது. தூண் வெட்டில் உள்மூலைகளை எப்படித் திருப்புவது? 60 மி.மீ. துளையையும் ஜிக்சாவிலேயே எடுக்கலாமா?

பதில்: மூலைமட்டம்

கருகுவது உராய்வால். டி101பி-யின் பல் பக்கவாட்டில் விரிந்திருக்காது, முதுகுப் பக்கம் மெலியச் சாணை பிடித்திருக்கும். அதனால்தான் சுத்தமாக வெட்டுகிறது, அதனால்தான் வளைவில் உரசவும் செய்கிறது. வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறையுங்கள். ஒரே இடத்தில் நின்று சுழற்றாதீர்கள். அப்படியும் கருகினால் திருகை 1-க்கு வைக்கலாம், தூள் வெளியேற வழி கிடைக்கும். அதற்கு மேல் வேண்டாம்.

தூண் வெட்டை ஒரே ஓட்டமாக வெட்டப் பார்க்காதீர்கள். தூணை அளந்து மூன்று பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விட்டுக் கோடு போடுங்கள், சுவர்ப் பூச்சு எங்கும் நேராக இருக்காது. உள்மூலை இரண்டிலும், கழிவுப் பக்கத்தில், கோடுகள் இரண்டையும் தொடுமாறு 12 மி.மீ. துளை போடுங்கள். டிரில்லைச் சன்மைக்கா பக்கத்திலிருந்து இறக்கி, அடியில் ஒரு கழிவுக் கட்டையைக் கிளாம்ப் செய்தால் இருபுறமும் பெயராது. பிறகு ஓரத்திலிருந்து 100 மி.மீ. வெட்டுகள் இரண்டு, துளை வந்ததும் நிறுத்துங்கள். துளைக்குள் பிளேடை இறக்கிக் கடைசி 230 மி.மீ. வெட்டு. அதற்கு நேரான ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றைக் கிளாம்ப் செய்து அடித்தட்டின் ஓரத்தை அதன் மீது ஓட்டலாம். பிளேடுக்கும் அடித்தட்டின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை உங்கள் மெஷினில் அளந்து, ரீப்பரை அத்தனை தள்ளி வையுங்கள். பிளேடு ரீப்பரை விட்டு விலகப் பார்த்தால் வலுக்கட்டாயமாக ஒட்ட வைக்காதீர்கள், பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள்.

அந்தக் கடைசி வெட்டு முடியும் நேரத்தில் கழிவுத் துண்டு தன் எடையில் தொங்கி, மிச்சமிருக்கும் சன்மைக்காவை நீளமாகக் கிழிக்கும். துண்டின் மீதும் பலகையின் மீதும் சேர்ந்து உட்காருமாறு ஒரு பட்டையைத் திருகாணியால் பூட்டிவிட்டு வெட்டுங்கள், அல்லது ஒருவர் ஏந்திக்கொள்ளட்டும். கை பிளேடுக்கு அடியில் போகக் கூடாது. துளை விட்ட உருண்டை மூலையைப் பிறகு இரு பக்கத்திலிருந்தும் சிறு வெட்டுகளாகச் சதுரமாக்கலாம். தூணுக்குப் பின்னால் மறையும் இடம் என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

பதில்: அறுவைத்தூள்

60 மி.மீ. துளைக்கு ஜிக்சா வேண்டாம். 30 மி.மீ. ஆரத்தில் இந்தப் பிளேடைத் திருப்பலாம், ஆனால் வட்டம் முட்டை வடிவமாக வரும், ஒயர் மூடி உட்காராது. டிரில்லில் 60 மி.மீ. ஹோல் சா (கிண்ணம் போன்ற, விளிம்பில் பல் உள்ள துளை வெட்டி) மாட்டி, குறைந்த வேகத்தில், சன்மைக்கா பக்கத்திலிருந்து இறக்குங்கள். நடுவிலுள்ள டிரில் பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அதே துளையில் பிட்டை வைத்து முடியுங்கள். துளை வெட்டும் முன் ஒயர் மூடியை வாங்கி அதன் கழுத்தை அளந்து விடுங்கள். 60 என்று விற்பதில் சில 59, சில 61 இருக்கும்.

ஓரத்துக்கு பிவிசி எட்ஜ் பேண்ட் (வெட்டிய ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டப் போகிறீர்கள் என்றால் 0.8 மி.மீ. எடுங்கள், 50 மி.மீ. ஆரத்தில் எளிதாக வளையும். 2 மி.மீ. பேண்டுக்கு ஹீட் கன் வேண்டியிருக்கும். வளைவு தொடங்கும் இடத்தில் இணைப்பு வைக்காமல் நேரான பின்பக்கத்தில் வையுங்கள்.