அடைவடுக்கு: அடைவுகளிடையே நகர்வதற்கான சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் கட்டளைவரியில், ஓர் அடைவிலிருந்து (கோப்புகளை வைக்கும் 'டைரக்டரி') இன்னோர் அடைவுக்கு விரைந்து செல்லும் வழிகள் அனைத்தையும் 'அடைவுத் தாவல்' என்று அழைக்கலாம் என்னும் பரிந்துரையை ஏற்கத் தயங்குகிறேன். உலாவியிலும் முனையத்திலும் 'தாவல்' ஏற்கெனவே 'டேப்' (tab) என்பதைக் குறிக்கிறது. அடைவுப் பெயரின் முதல் சில எழுத்துகளை இட்டபின் எஞ்சியதை நிரப்பிக்கொள்ள நாம் அழுத்தும் விசைக்கும் அதே பெயர்தான். 'குறுக்குவழி'யும் திரைப் படவுருக்களுக்கும் விசைச்சேர்க்கைகளுக்கும் உரியதாகிவிட்டது.

என் தயக்கத்துக்கு முதன்மையான காரணம் வேறு. இவ்வழிகளை நிறைவேற்றுவது ஒரே கருவி அன்று. இரட்டைப் புள்ளி (..), ஒவ்வோர் அடைவுக்குள்ளும் அதன் மேலடைவைச் சுட்டும் பதிவாகக் கோப்பு முறைமையிலேயே இருப்பது. எந்த நிரலும் அதைப் பயன்படுத்தலாம். ~ என்பதை, கட்டளை இயங்கும் முன்பே, நாம் இடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் (shell), பயனரின் இல்ல அடைவின் முழுப்பாதையாக விரித்துவிடுகிறது. முந்தைய அடைவுக்குத் திரும்ப நாம் இடும் '-' குறியையோ, அடைவு மாற்றும் சிடி (cd) கட்டளைதான் அவ்வாறு பொருள்கொள்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைக்கு அதையே கொடுத்தால், அப்பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்றுதான் அது தேடும். எனவே ~ குறிக்கு 'இல்லக்குறி' என்றும், '-' குறிக்கு 'மீள்குறி' என்றும் தனித்தனியே பெயரிடுவது நன்று. (1976இல் வெளிவந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தில் ~ குறியும் 'ஹோம்' (இல்லம்) என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன.)

அடுத்தது புஷ்டி (pushd), பாப்டி (popd) ஆகிய கட்டளைகள். முதலாவதன் ஒலிப்பைக் கேட்டு நம் மாணவர்கள் சிரிப்பது இயல்பே. இவை ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கிலிருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் முதலில் உருவாகி, சி ஷெல் வழியாகப் பரவியவை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் (POSIX) தரத்தில் இடம்பெறாததால் எல்லா ஷெல்களிலும் இல்லை. மீள்குறி ஒரேயோர் அடைவை மட்டுமே நினைவில் வைக்க, இவை சென்ற அடைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, கடைசியாக வைத்ததை முதலில் நீக்கி, அதன் கீழிருந்த அடைவுக்கு நம்மைக் கொண்டுசெல்கின்றன. அந்த அமைப்புக்கு 'அடைவடுக்கு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 'அடைவுநிலை' என்பது மாணவரின் தேர்ச்சியைக் குறிப்பதால், 'டிரெக்டோரி' என்ற மலாய்ச் சொல்லுக்குப் பழகியவர்கள் முதலில் குழம்பக்கூடும். எனினும் லினக்ஸ் தமிழாக்கங்களில் 'அடைவு' வேரூன்றிவிட்டதால் அதை இனி மாற்றுவது வீண்வேலை.

புஷ்டி, பாப்டி ஆகியவற்றின் செயல்களுக்கு வினைச்சொற்களாக முறையே 'ஏற்று', 'இறக்கு' ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறேன். 'புஷ்' என்பதற்குத் 'தள்ளு' என்பது சொல்லுக்குச் சொல் சரியானாலும், அப்பால் ஒதுக்குவதுபோல் ஒலிக்கிறது. இங்கே நடப்பது மேலே சேர்ப்பது. 'பதிவேற்று', 'பதிவிறக்கு' என்பவற்றோடு குழம்பாதா என்று கேட்கலாம். அவற்றில் 'பதிவு' முன்னொட்டி நிற்பதாலும், இவை எப்போதும் அடுக்கோடு சேர்ந்தே வருவதாலும், குழப்பம் நேராது என்பது என் கருத்து.

எஞ்சியிருப்பது ஒன்று. புஷ்டி கட்டளையை வெறுமனே இட்டால், உச்சியிலுள்ள இரண்டு அடைவுகளும் தம்முள் இடம் மாறுகின்றன; எண்ணைச் சேர்த்து இட்டால் அடுக்கு முழுவதும் சுழன்று, அந்த எண்ணுக்குரிய அடைவு உச்சிக்கு வருகிறது. பின்னதற்குச் 'சுழற்று' பொருந்தும். முன்னதற்கு 'இடமாற்று' என்றால் கோப்பை நகர்த்துவதாகவே பலரும் கொள்வர் என்பதால், பினாங்கு நண்பர்கள் வேறு சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்