புதுப்பிப்பு: இலங்கைச் சீகாரப் பூங்குருவியைக் கண்டுவிட்டோம்

நானும் மனைவியும் வேனிலேயே படுத்தெழும்பி மலையகம் சுற்றப் போகிறோம், சீகாரப் பூங்குருவியை எங்கே பார்க்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது பண்டாரவளை அக்காவின் யோசனை: ஹோர்டன் சமவெளியில் தெருவோரமுள்ள அரெங்கா குளத்தடியில், விடியும் நேரம், என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. முதல்நாள் 8 மணிக்குப் போய் ஏமாந்தோம். மறுநாள் இருள் கலையும்போதே நின்றோம். ஊசிமுனை போல மெல்லிய சீட்டி. மனைவிதான் முதலில் கேட்டா. பிறகு பாசி படிந்த கிளையில் ஆண் பறவை. கறுப்பென்றே நினைத்தோம். திரும்பியதும் தோளில் நீலம் பளிச்சென்றது. மூச்சுவிடவும் பயந்து நின்றோம். உலகில் இலங்கையில் மட்டுமே உள்ள பறவை அல்லவா!

எதிர்பாராதது, நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக்குருவி. காலடியிலிருந்து நாலைந்து அடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. வலசைப் பறவை என்பதால் நவம்பர் முதல் மார்ச் வரை போனால்தான் வாய்ப்பு.

வேன் கண்ணாடியின் உட்புறம் இரவில் நீர் கோத்து மெத்தை நனைந்தது. எதிரெதிர் ஜன்னல்களை ஒரு விரலளவு திறந்து வைக்கச் சொன்ன தம்பிக்கு நன்றி. மறுநாளே பெரும்பாலும் நின்றுவிட்டது. றம்பொடை இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வந்தோம், பிரேக் சூடாகவில்லை.