வாத்தியார் வீட்டுச் சொந்தங்கள் (குழு): முகாமுக்கு இன்னொரு ஆள்

முரளி: எல்லோருக்கும் வணக்கம். யாராவது அப்பாவிடம் பேசுங்கள். காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை.

வித்யா: என்ன ஆச்சுண்ணா?

வாத்தியார்: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

வித்யா: 😂😂

முரளி: விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆதியின் சாரணர் குழு இங்கே அமெரிக்காவில் டெலவேர் வாட்டர் கேப் என்கிற மலைப் பக்கம் இரண்டு ராத்திரி முகாம் போகிறது. ஏழு பையன்கள். 21 வயது முடிந்த, பதிவு செய்த பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் கிளம்பவே முடியாது. ஒருவன் நான். கூட வர வேண்டியவர் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அப்பா, நான் வருகிறேன், முப்பது வருஷம் சாரணர் மாஸ்டராக இருந்தவன் என்கிறார். ஆனால் இங்கே ராத்திரி தங்குகிற எந்தப் பெரியவரும் பதிவு செய்திருக்க வேண்டும், குற்றப் பின்னணி பார்ப்பார்கள், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து அப்படித்தான், பெற்றோராக இருந்தாலும் விலக்கு இல்லை. விசிட்டர் விசாவில் வந்த அப்பாவை மூன்று நாளில் எப்படிப் பதிவு செய்வது?

வாத்தியார்: பேரனோடு படுக்கப் பின்னணி பார்ப்பார்களாம். என் பின்னணி ராசிபுரம் முழுக்கத் தெரியும்.

முரளி: அப்பா, பேரனோடும் படுக்க முடியாது. இந்த வயதுப் பையன்களுக்குத் தனி டென்ட், பெரியவர்களுக்குத் தனி. நானே என் மகனோடு ஒரே டென்ட்டில் படுக்கக் கூடாது.

கமலா அத்தை: இதென்னடா கூத்து

சாந்தி பெரியம்மா: [படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

கமலா அத்தை: பெத்த அப்பனையே நம்பாத ஊரா

முரளி: நம்பிக்கை பற்றிய பேச்சே இல்லை அத்தை. எந்தப் பெரியவரும் எந்தப் பையனோடும் யார் கண்ணிலும் படாமல் தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். போனில் செய்தி அனுப்பினாலும் இன்னொரு பெரியவரைச் சேர்த்துத்தான் அனுப்பவேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. இங்கே சாரணர் அமைப்பான பாய் ஸ்கவுட்ஸ் 2020இல் திவால் மனு போட்டது. சின்ன வயதில் அங்கே தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லி 82,000க்கு மேல் பேர் மனு கொடுத்தார்கள். 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம். இப்போது பெயரையே ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாற்றிவிட்டார்கள்.

வித்யா: 82,000ஆ

கமலா அத்தை: ஐயோ சாமி

சாந்தி பெரியம்மா: காதுகுத்துக்கு வேன் சொல்லியாச்சு. எத்தனை பேர் என்று இன்றைக்குள் சொல்லுங்கள்.

வித்யா: பெரியம்மா ஒரு நிமிஷம்

செல்வம்: மலை என்றால் எவ்வளவு உயரம் முரளி

முரளி: உயரம் பெரிதில்லை மச்சான், கரடிதான். அந்த வழியாகப் போகிற அப்பலாச்சியன் மலை நடைபாதையில் நியூஜெர்சிப் பகுதி முழுக்கத் தீ மூட்டத் தடை, அதனால் சின்ன கேஸ் அடுப்புதான். வாசம் வருகிற எதையும் டென்ட்டுக்குள் வைக்கக் கூடாது. சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு எல்லாம் ராத்திரி தனியாகக் கரடியால் திறக்க முடியாத பெட்டிக்குள் போக வேண்டும்.

வித்யா: அப்பாவின் அமிர்தாஞ்சன்?

முரளி: அதுதான் முதலில்.

வித்யா: அப்போது அப்பாவையே பெட்டியில் வைக்க வேண்டியதுதான் 😂

வாத்தியார்: 😐

கமலா அத்தை: புளிசாதம் கட்டிக் கொடு. கெடாது.

முரளி: கொடுக்கலாம் அத்தை, ஆனால் ஒரு பருக்கையைக்கூட அங்கே போடக் கூடாது. வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல்கூடப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மக்கிவிடும்தானே என்பார்கள், மக்குவதற்குள் கரடி அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். வெளிக்குப் போவதற்கும் கணக்கு உண்டு. தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குலம் குழி தோண்டி, பிறகு மூட வேண்டும். பையன்களுக்கு எழுபது தப்படி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

செல்வம்: சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்டா

வாத்தியார்: இதையெல்லாம் நானும் சொல்லிக் கொடுத்தவன்தான். பெரியவன் ஒழுங்காக இருந்தால் பையன் ஒழுங்காக இருப்பான். ஒருவன் போதும்.

முரளி: அப்பா, 2013இல் யூட்டாவில் கோப்ளின் வேலி என்கிற பூங்காவில் சாரணர் தலைவர்களே, பல கோடி வருஷப் பழமையான பாறையைத் தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டு வீடியோவும் எடுத்துப் போட்டார்கள். கேட்டால், யார் மேலாவது விழுந்துவிடும் என்று தள்ளினோம் என்றார்கள். சாரணர் அமைப்பு அவர்களை வெளியேற்றியது, கோர்ட்டிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பெரியவன் தப்புச் செய்தால் பையன் அதைத்தான் கற்றுக்கொள்வான்.

செல்வம்: அங்கேயும் ஒருத்தருக்கு மேல் பெரியவங்கதானே இருந்தாங்க? அப்புறம் எதற்கு ரெண்டு பேர்

முரளி: 🙄 மச்சான் நீங்கள் யார் பக்கம்

கமலா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா: அத்தை என்ன போட்டீங்க

கமலா அத்தை: ஒன்றுமில்லை. கை பட்டுவிட்டது.

செல்வம்: நான் படித்துவிட்டேன் அம்மா

சுதா: நானும்

வாத்தியார்: என்னவென்று எனக்கும் தெரியும். 1986 கொல்லிமலைப் பயணம்தானே. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் விடமாட்டாள்.

கமலா அத்தை: நான் எதுவும் சொல்லவே இல்லையே அண்ணா

வித்யா: எனக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். செல்வம் அத்தான் சொல்லுங்க

செல்வம்: பெரிய கதை இல்லை வித்யா. 34 பையன்கள், மாமா ஒருத்தர். ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு மேலே ஏறும்போது எனக்குச் செருப்பு அறுந்துவிட்டது. உட்கார்ந்து கொடியால் கட்டிக்கொண்டிருந்தேன். ஆயிரம் படிக்கு மேல் ஏறி வந்தால் பஸ் இல்லை. அறப்பளீஸ்வரர் கோயில் பூசாரி வீட்டில் சாப்பிட்டுப் படுத்தேன். குளிர் தாங்கவில்லை, சாக்கு போர்த்திவிட்டார்கள். காலையில் மாமா வந்தார்.

வித்யா: எண்ணிப் பார்க்கவில்லையா?

வாத்தியார்: எண்ணினேன். 34 சரியாக இருந்தது.

வித்யா: ???

வாத்தியார்: அன்னாசிப்பழம் விற்ற பையன் ஒருவன் பஸ்ஸில் ஏறி நின்றிருந்தான். அவனையும் சேர்த்து எண்ணிவிட்டேன். எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்தில் காரவள்ளி வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்ப மேலே போக அன்றைக்கு வண்டி இல்லை.

முரளி: இதை என்னிடம் நீங்கள் சொன்னதே இல்லை அப்பா.

கமலா அத்தை: ஆறு மாசம் அண்ணன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை நான். பொங்கச் சீரைத் திருப்பி அனுப்பினேன்.

சாந்தி பெரியம்மா: அந்தச் சீர்ப் பாத்திரம் என் வீட்டில்தான் இருக்கிறது இன்னும்

கமலா அத்தை: அது உங்களிடமா இருக்கிறது?!

செல்வம்: 😂😂😂

வாத்தியார்: இன்னொரு வாத்தியார் வருவதாகத்தான் இருந்தது. அன்று காலையில் அவர் மாமியார் தவறிவிட்டார். பையன்கள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பக்கத்தில் நின்றார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கமலா அத்தை: இதை அப்போதே சொல்லியிருக்கலாம் அண்ணா

வாத்தியார்: நீ கேட்கிற நிலையிலா இருந்தாய்.

சுதா: மாமா, என் பெயர் போன வருஷமே பதிவாகியிருக்கிறது, சாரணர் குழுவின் நிதிக்குப் பாப்கார்ன் விற்கும்போது சேர்த்தார்கள். பயிற்சியை மட்டும் ஆன்லைனில் மறுபடி முடிக்க வேண்டும். நான் போகிறேன் என்று முந்தாநாளே சொன்னேன். உங்கள் மகன்தான் வீட்டில் அப்பாவுக்கு யார் சமைப்பது என்று இழுக்கிறார்.

வித்யா: அண்ணா 🤦‍♀️ இதற்கா இவ்வளவு நீளம் எழுதினாய்

முரளி: அது மட்டும் காரணம் இல்லை, சுதாவுக்குச் சனிக்கிழமை டூட்டியும் இருக்கிறது. மாற்றிக் கொடுத்தால்தான்

சுதா: கேட்டிருக்கிறேன். நாளைக்குத்தான் தெரியும்.

வாத்தியார்: சுதா போகட்டும். தோசை நானே ஊற்றிக்கொள்வேன்.

கமலா அத்தை: அண்ணன் தோசையா 😂 அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியுமா

வாத்தியார்: முரளி, ஒன்று சொல்கிறேன், கேள். எண்ணும்போது தலையை எண்ணாதே. பெயரைக் கூப்பிடு. அவன் வாயால் உள்ளேன் என்று சொல்ல வேண்டும்.

முரளி: சரிப்பா. காபி குடித்தீர்களா?

வாத்தியார்: ஆறிவிட்டது.

சாந்தி பெரியம்மா: வேனுக்கு ஆள் கணக்கு யாருமே சொல்லவில்லை. நானாக 22 என்று போட்டுக்கொள்கிறேன்.

செல்வம்: பெரியம்மா, பெயர் சொல்லிக் கூப்பிடுங்க. நான் உள்ளேன் 🙋