சிக்னலில் லேசாக இடித்ததற்கும் ஸ்டேஷன் போக வேண்டுமா?

வேளச்சேரிவாசி:
செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விஜயநகர் சிக்னலில் பிரேக்கிலிருந்து என் கால் நழுவி, முன்னால் நின்ற ஸ்கூட்டரை என் கார் இடித்துவிட்டது. வேகமே இல்லை, ஆனாலும் பையன் வண்டியோடு சாய்ந்துவிட்டான். முட்டியில் சிராய்ப்பு, டெயில் லைட் உடைந்தது. "போலீஸ் எல்லாம் வேண்டாம்ண்ணா" என்று அவனே சொன்னான், நானும் 3,000 ரூபாய் கொடுத்தேன், போய்விட்டான். அவன் வண்டி நம்பர் மட்டும் போட்டோவில் இருக்கிறது. என் பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை. வீட்டிலோ, முடிந்ததைக் கிளறாதே, இன்சூரன்சில் சொன்னால், கிளைம் வாங்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் 35 சதவீத நோ கிளைம் போனஸ் போய்விடும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

செல்வம்_தாம்பரம்:
தயவுசெய்து போய்ச் சொல்லிவிடுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு பெரியவரின் சைக்கிளை என் கார் உரசியது, அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பணமும் கொடுத்து அனுப்பினேன். ஐந்தாவது மாதம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது, இடுப்பில் அடி, நான் நிற்காமல் போய்விட்டேன் என்று. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே வலி இருந்திருக்கிறது, மனு எழுதியவர்கள் எப்படி எழுதினார்களோ. ஆனால் நான் அங்கே நின்றேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" வழக்கு இன்னும் நடக்கிறது.

எம்.சி.ஓ.பி._வக்கீல்:
எம்.சி.ஓ.பி. என்கிற இந்த மாதிரி விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான் என் தினசரி வேலை, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி, ஒருவருக்குக் காயம் பட்டாலோ அடுத்தவர் பொருள் சேதமானாலோ டிரைவர் மூன்று காரியம் செய்ய வேண்டும்: காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் சொல்வது, பாலிசி நம்பர், நேரம், இடம், டிரைவர் லைசென்ஸ் விவரங்களோடு இன்சூரன்சுக்கு எழுதித் தெரிவிப்பது. சிராய்ப்பும் காயம்தான். செய்யாவிட்டால் 187-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில்தான் இவ்வளவு கூட்டினார்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ பணம் கொடுப்பதோ கூடாது என்று உங்கள் பாலிசி நிபந்தனையிலேயே இருக்கும். அதனால் அந்த 3,000 ரூபாயை மறைக்காமல் நடந்தபடியே எழுதுங்கள். பையன் இழப்பீடு கேட்டு மனுப் போட 6 மாதம் அவகாசம் உண்டு. தேர்ட் பார்ட்டி பாலிசி இருப்பதே அதற்குத்தான், அவனுக்குச் சேர வேண்டியது உங்கள் கையிலிருந்து போகாமல் கம்பெனியிடமிருந்து போக வேண்டும்.

போனசைப் பற்றிக் கவலை வேண்டாம். அது உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் தரும் தள்ளுபடி. அந்தச் சேதத்துக்குப் பணம் வாங்கினால்தான் போகும், தகவல் சொன்னதற்காகப் போகாது. பம்பர் கீறலுக்குக் கிளைம் போடாதீர்கள், கிளைமில் நம் கையிலிருந்தே போட வேண்டிய கட்டாயக் கழிவே சின்ன காருக்கு 1,000 ரூபாய்.

பழைய_டிரைவர்:
சார் சொல்வது சட்டப்படி சரி, ஆனால் ஸ்டேஷன் போனால் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு நாலு நாள் அலையவிடுவார்களே? அதற்குப் பயந்துதான் எல்லோரும் ரோட்டிலேயே பேசி முடிக்கிறோம்.

எம்.சி.ஓ.பி._வக்கீல்:
அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. காயம் என்பதால் வழக்குப் பதியலாம், பதிந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கும்வரை ஓரிரு நாள் ஆகும். பதியாவிட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எது நடந்தாலும் நீங்களாகப் போய்ச் சொன்னது தேதியோடு பதிவாகிறது. ஐந்து மாதம் கழித்து உங்களைத் தேடி வந்தால், அந்த நாலு நாள் அலைச்சல் எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றும்.

வேளச்சேரிவாசி:
24 மணி நேரம் தாண்டிவிட்டதே?

எம்.சி.ஓ.பி._வக்கீல்:
தாண்டினாலும் இன்றைக்கே போங்கள், தாமதத்துக்கான காரணத்தையும் எழுதுங்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று 2011-லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

வேளச்சேரிவாசி:
போய்விட்டு வந்தேன். எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், இன்சூரன்சுக்கும் மெயில் அனுப்பியாயிற்று. வண்டி நம்பரை வைத்து ஸ்டேஷனிலிருந்தே பையனுக்குப் போன் போட்டார்கள். முட்டி வீங்கியிருக்கிறதாம், டாக்டரிடம் போகவே இல்லை, நான் கொடுத்த பணத்தை டெயில் லைட்டுக்குச் செலவழித்துவிட்டான். காலையில் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போகிறேன்.