நீர்மானி இல்லாத விடுதிகளில் நீர்ப் பயன்பாட்டை அளப்பது எப்படி?

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரையோரச் சிறு விருந்தினர் விடுதிகளை முன்வைத்து, நிலைபேறான சுற்றுலா குறித்து முதுமாணி ஆய்வு செய்து வருகிறேன். விருந்தினர் ஒருவர் ஓர் இரவுக்கு எத்தனை லீற்றர் நீரைப் பயன்படுத்துகிறார் என்பதே மையத் தரவு; ஆனால் நான் தெரிவுசெய்த விடுதிகள் கிணற்று நீரை மோட்டரால் இறைப்பதால், நீர்மானியும் இல்லை, நீர்ப் பட்டியலும் இல்லை.

மின்பட்டியலிலிருந்து கணிக்கலாம் என்றால், உரிமையாளரின் வீடும் விடுதியும் ஒரே மின்மானியில் உள்ளன. மோட்டர் ஓடும் நேரத்தைக் குறிக்கக் கொடுத்த கொப்பிகள், விடுதி நிரம்பிய நாட்களில்தான் வெறுமையாக இருந்தன; எனக்கு வேண்டியவையோ அந்த நாட்களே. கூரைத் தாங்கியின் மட்டத்தைக் காலையும் மாலையும் குறித்துப் பார்த்தேன். ஆனால் தானியங்கி ஆளி (சுவிட்ச்) இடையில் மோட்டரை இயக்கித் தாங்கியை நிரப்பிவிடுகிறது. அருகிலுள்ள புறாமலைத் தீவுக்குக் கடலில் போய்வருவோர் முற்றத்துக் குழாயில் உப்பைக் கழுவுவதும், கட்டில் விரிப்புச் சலவையும், தோட்டத்துக்குப் பாய்ச்சுவதும் அதே தாங்கியிலிருந்துதான். குழாயை வெட்டி மானி பொருத்த உரிமையாளர்கள் இணங்கவில்லை.

வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் விருந்தினர் வரத்து குறைந்துவிடும் என்பதால், செப்டெம்பருக்குள் அளவீட்டை முடிக்க வேண்டும். குழாயை வெட்டாமல், விருந்தினரின் நீர்ப் பயன்பாட்டை மட்டும் பிரித்து அளக்க, ஆய்வில் ஏற்கத்தக்க செலவு குறைந்த முறை எது?