லினோலியேட் போட்டும் இன்சுலின் கூடவில்லை: அல்புமின் விகிதம் பற்றி உதவி தேவை

இன்ஸ்-1 832/13 செல்களில் (இன்சுலின் சுரக்கும் எலி செல் வகை) ஜிபிஆர்40 (கொழுப்பு அமிலங்களை உணரும் ஏற்பி) வழியாக இன்சுலின் சுரப்பு கூடுவதை அளக்க வேண்டும். லினோலியேட் என்ற கொழுப்பு அமிலம் போட்டால் மட்டும் கணக்கு உதைக்கிறது.

24 குழித் தட்டு, கேஆர்பிஎச் என்ற உப்புத் தாங்கல் கரைசல். 2.8 மில்லிமோலார் குளுக்கோஸில் 1 மணி நேரம், பிறகு 16.7-இல் 1 மணி நேரம், அளவீடு எலைசா (எதிர்ப்பொருள் கொண்டு இன்சுலினை அளக்கும் சோதனை). குளுக்கோஸுக்கும் 30 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடுக்கும் செல்கள் ஒழுங்காகவே சுரக்கின்றன. ஜிபிஆர்40-ஐத் தூண்டும் மருந்தான ஜிடபிள்யூ9508, 10 மைக்ரோமோலார் போட்டால் 16.7-இல் சுரப்பு கூடுகிறது, 2.8-இல் அசைவில்லை. ஆக, ஏற்பி இருக்கிறது, வேலையும் செய்கிறது.

சிக்கல் 100 மைக்ரோமோலார் லினோலியேட்டில்தான். 0.5% அல்புமினில் ஒன்றுமே நடக்கவில்லை. அங்கே அல்புமினே சுமார் 75 மைக்ரோமோலார். வருகிற கொழுப்பு அமிலத்தை எல்லாம் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். 0.1%-க்கு இறக்கினால் லினோலியேட்-அல்புமின் மோலார் விகிதம் ஆறரையைத் தாண்டுகிறது. அப்போது 2.8-இலேயே இன்சுலின் கசிகிறது, ஜிபிஆர்40-ஐத் தடுக்கும் ஜிடபிள்யூ1100 போட்டும் அடங்கவில்லை, குழி ஓரத்தில் செல்கள் உருண்டு கழல்கின்றன. சவ்வு கெடுகிறது என்றே நினைக்கிறேன்.

கொழுப்பு அமிலம் நீக்கிய அல்புமினுக்கு மாறியாயிற்று. 37 டிகிரியில் 1 மணி நேரம் முன்கூட்டியே கலந்து வைத்தும் பார்த்தாயிற்று. கரைப்பானான எத்தனால் மட்டும் போட்ட குழிகளில் குறை ஏதும் இல்லை.

செல் சவ்வைக் கெடுக்காமல் ஜிபிஆர்40-ஐத் தூண்ட, லினோலியேட்டுக்கும் அல்புமினுக்கும் என்ன மோலார் விகிதம் வைக்கிறீர்கள்?