தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்: ஒரே ஜாக் பாயிண்ட்ல ஜாக்கும் ஸ்டாண்டும் எப்படி?

தாழ்தளம்:
ரோடு டயர் ஒரு செட், ட்ராக் டயர் ஒரு செட், ரெண்டும் தனித்தனி வீல்ல இருக்கு. வீட்டு ஷெட்லயே மாத்திக்கணும். காயில்ஓவர் (உயரத்தை மாத்திக்கற ஸ்பிரிங்-டேம்பர் ஜோடி) போட்டு இறக்கின வண்டி, கதவுக்குக் கீழ ஓடற பாடி விளிம்புக்கும் (சில்லு) தரைக்கும் 11 செ.மீ.தான் இடைவெளி. கையில இருக்கற ட்ராலி ஜாக் முழுசா இறங்கினாலும் 13 செ.மீ. நிக்குது. பலகை மேல வண்டியை ஏத்தினா சரியாகுமா? இன்னொண்ணு, மூலைக்கு ஒரே ஒரு ஜாக் பாயிண்ட்தான் (ஜாக் வச்சுத் தூக்கற இடம்). அங்க ஜாக் நின்னா, தூக்கின வண்டியைத் தாங்கற ஸ்டாண்டை எங்க வைக்கிறது? பின் வீல் டிரைவ், மேனுவல் கியர், அடியில பின்ச் வெல்ட் மடிப்பு (ரெண்டு தகடைச் சேர்த்து வெல்ட் பண்ணின விளிம்பு).

கறுப்புகிரீஸ்:
பலகைக் கணக்கு உங்களுக்கு உதவாது. 4 செ.மீ. பலகை போட்டா 15 கிடைக்கும். ஜாக் 13, அது மேல ரப்பர் பேட் 2.5, ஆக 15.5. பலகையை இன்னும் உயர்த்தலாம்தான், ஆனா இறக்கும்போது டயர் பலகையோட விளிம்புல பாதியா உக்காந்தா வண்டி சறுக்கும். 8 செ.மீ.க்கு இறங்கற லோ ப்ரொஃபைல் ஜாக் வாங்கிடுங்க. பேடோட சேர்த்து 10.5, இழுத்துப் பிடிச்சு நுழைஞ்சிடும்.

ஒரே பாயிண்ட் பிரச்சினைக்கு மூணு வழி இருக்கு. முதல் வழி, நடுவுல தூக்கறது: பின்னாடி டிஃபரென்ஷியல் (பின் வீல் ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற கியர் பெட்டி), முன்னாடி கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்). வண்டி ஏறினதும் ரெண்டு பக்க பாயிண்ட்லயும் ஸ்டாண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5-ல இது நடக்கும். எல்லா வண்டிக்கும் ஆகாது, சிலதுல டிஃபரென்ஷியலோட அலுமினிய மூடிதான் கீழ இருக்கும், அதுல தூக்கினா விரிசல் விடும். வொர்க்‌ஷாப் மேனுவல்ல படம் பார்த்துட்டு வைங்க. ரெண்டாவது, பாடி விறைப்பா இருக்கற வண்டில பின் பாயிண்ட்ல தூக்கினா அதே பக்க முன் வீலும் கூடவே எழும்பும். போர்ஷ 911-ல இது வழக்கம். அப்போ முன் பாயிண்ட் காலியா இருக்கும், ஸ்டாண்டை அங்க கொடுக்கலாம். மூணாவது, ஜாக் பேடையே ஸ்டாண்டோட தலையா ஆக்கற ஜோடி கிடைக்குது: தூக்கின பேடுக்கு அடியில ஸ்டாண்டு கால் பூட்டிக்கும், ஜாக்கை மட்டும் உருவிடலாம். உங்க வண்டிக்கு இதுதான் தோது.

வீல் மாத்த நாலு மூலையையும் ஒரே நேரத்துல தூக்க வேண்டிய அவசியமே இல்ல. ஒவ்வொரு மூலையா போங்க.

நெம்புகோல்:
மேலே சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன், பலர் கவனிக்காதது. ஜாக்கின் கை நேராக மேலே போவதில்லை, வளைவாகப் போகிறது. வண்டி உருளாதபடி சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியிருப்பதால் ஜாக்தான் உருண்டு ஈடுகொடுக்க வேண்டும். மண், ஜல்லி, இடைவெளி விட்ட கல்தரை என்றால் அதன் சக்கரம் சிக்கிக்கொள்ளும், பேட் பாயிண்டை விட்டு நழுவும். சமமான கான்கிரீட் தரைதான் ஏற்றது. வெயிலில் இளகிய தார்த்தரையில் ஸ்டாண்டின் கால் புதையும், அடியில் 18 மி.மீ. பிளைவுட் போடுங்கள்.

அடுத்தது கட்டை. பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் கியரும் எதையும் பிடிக்காது, ஏனென்றால் இரண்டும் பின் சக்கரத்தில்தான் வேலை செய்கின்றன. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கட்டாயம். ஒரு பின் வீலை மட்டும் தூக்கினாலும், சாதாரண ஓப்பன் டிஃபரென்ஷியல் என்றால் கியரை நம்ப முடியாது, அந்தரத்தில் உள்ள வீல் சுழன்றுவிடும்.

பின்ச் வெல்டுக்குப் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் வேண்டும். வெறும் இரும்புத் தலையில் மடிப்பு சாய்ந்து மடங்கும், பெயின்ட் போன இடத்தில் துரு ஏறும். மரத்துண்டு வேண்டாம், ரேகை வாக்கில் பிளக்கும். கார்வெட் போன்றவற்றில் மடிப்பு கிடையாது, நீள்வட்டத் துளையில் பக் என்ற தனித் தாங்கு வட்டு ஒன்றைச் செருகி 90 டிகிரி திருப்ப வேண்டும்.

தாழ்தளம்:
நன்றி. எவ்வளவு உயரம் தூக்கினா போதும்? கழட்டின வீலை சில்லுக்கு அடியில படுக்க வைக்கலாமா?

கறுப்புகிரீஸ்:
டயருக்கும் தரைக்கும் நடுவுல 3-4 செ.மீ. போதும். ஸ்பிரிங் விரியறதால டயர் தரையை விடறதுக்கு முன்னாடியே சில்லு நல்லா எழும்பியிருக்கும். அடியில வீலைப் படுக்க வைக்கிறது நல்ல காப்பு. ஆனா அகல டயர்னா படுக்க வச்சாலே 25 செ.மீ. வரும், தாழ்ந்த வண்டில நுழையுதான்னு பாருங்க. எப்படியும் அது ஸ்டாண்டுக்கு மாற்று இல்ல.

டார்க்ரெஞ்ச்:
ரெண்டு செட் வீல்னு சொன்னதால கேக்கறேன், ரெண்டுக்கும் ஒரே போல்ட்தானா? போல்ட் வீல்ல உக்கார்ற முகம் ஒண்ணுல கூம்பு, இன்னொண்ணுல உருண்டையா இருந்தா போல்ட்டை மாத்தித்தான் ஆகணும். மாத்தாம போட்டா டார்க் ரெஞ்ச் (வச்ச முறுக்கு அளவு வந்ததும் சொடுக்கற ஸ்பேனர்) சரின்னு சொடுக்கும், ஓட ஓடத் தளரும். ஸ்பேசர் (வீலை வெளிய தள்ளி வைக்கற வளையம்) இருந்தா போல்ட் நீளமும் பார்க்கணும். எம்14 போல்ட் கையால 7-8 சுற்றாவது ஏறணும்.

வண்டி தரையில இருக்கும்போதே ஒவ்வொண்ணையும் கால் சுற்று தளர்த்திடுங்க. ஹப்ல (வீல் பொருந்தற நடுப்பகுதி) துருப்பிடிச்சு வீல் வரலைன்னா ஜாக்ல தூக்கி வச்சு உதைக்கவே கூடாது. ஸ்டாண்டு மேல உக்காந்த பிறகு, ஒரு போல்ட் பாதி ஏறியபடி இருக்க, டயரை உள்ளங்கையால மாத்தி மாத்தித் தட்டினா விடும். ஹப் முகத்தை ஒயர் பிரஷ்ல தேய்ங்க, போல்ட் திரெட்டுக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்டா அதே டார்க்குக்கு போல்ட் கூடுதலா இழுபடும்.

நட் இல்லாம போல்ட் வர்ற வண்டின்னா ரெண்டு கைடு பின் (போல்ட் ஓட்டைல திருகி வீலைத் தாங்க வைக்கற கம்பி) வாங்குங்க. அது இல்லாம கனமான வீலைத் தூக்கிப் பிடிச்சு ஓட்டை தேடினா, வீல் ஊசலாடி பிரேக் டிஸ்க்ல இடிக்கும். செராமிக் டிஸ்க்கா இருந்தா விளிம்பு உடையும், விலை கண்ணைக் கட்டும்.

இறக்கினதும் நட்சத்திர வரிசையில ரெண்டு மூணு கட்டமா முறுக்குங்க. கடைசி அளவு மேனுவல்ல இருக்கறதுதான், பெரும்பாலும் 100-லேர்ந்து 160 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். இம்பாக்ட் கன் (அடிச்சு அடிச்சுச் சுத்தற பவர் கருவி) கழட்ட மட்டும். 50-100 கி.மீ. ஓடினதும் திரும்ப ஒரு சுற்று பாருங்க.

இறக்கின உடனே வண்டி உயரமா, வீலோட அடி உள்ள ஒடுங்கின மாதிரி நிக்கும். டயர் தரையைப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல வெளிய நகர முடியாததுதான் காரணம். காயில்ஓவரைத் தொடாதீங்க, நாலு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினா பழைய உயரத்துக்கு வந்துடும்.